கோப்பு தேடும் சின்ன லைப்ரரிக்கு டைப் வரையறை எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. கோப்பைத் தேடிக் கொடுப்பது மட்டும்தான் அதற்கு வேலை. எதைக் கொடுக்கலாம், என்ன வரும் என்று டைப்ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் டைப் வரையறை அதற்குக் கிடையாது, அதனால் நீங்களே எழுதி, இப்படிப்பட்ட வரையறைகளைச் சேர்த்து வைக்கும் பொது ரெப்போவான டெஃபினிட்லிடைப்டில் சேர்த்துவிடலாம் என்று இறங்குகிறீர்கள். கோட் மொத்தமே ஒன்றிரண்டு பக்கம்தானே, தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று தோன்றும்.

முடியாது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு மாமாக் உணவுக் கடையில் சனிக்கிழமை மாலைகளில் மடிக்கணினியோடு கூடுகிற தம்பி தங்கைகள் இந்த வேலையில் எங்கே இடறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்து வருகிறேன். சின்டாக்ஸ் அவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. வரிசைதான் தவறுகிறது: லைப்ரரியை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் டைப் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு ஃபைண்டப்-சிங்க் என்ற லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் ஒரு கோப்பைத் தேடும், இல்லாவிட்டால் ஒரு படி மேலே போய்த் தேடும், அங்கும் இல்லையென்றால் இன்னும் மேலே. இதற்கு ஏற்கெனவே டைப் வரையறை உண்டு. பயிற்சிக்கு அது வசதிதான், பார்க்காமல் எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கட்டளைகளையும் கோட் சொற்களையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன், கீபோர்டில் வழக்கம்போல் தட்டிக்கொள்ளுங்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

நோட், கிட், கிட்ஹப் கணக்கு, பிஎன்பிஎம் (என்பிஎம் மாதிரியே பேக்கேஜ்களை நிறுவும் கருவி). கடைசியதை மறந்துவிட்டுப் பலர் என்பிஎம் இன்ஸ்டால் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். டெஃபினிட்லிடைப்ட் ரெப்போ பிஎன்பிஎம்மில்தான் இயங்குகிறது.

டைப்ஸ்கிரிப்டில் யூனியன், இன்டர்ஃபேஸ், ஓவர்லோட் மூன்றும் தெரிந்தால் போதும். ஜெனரிக் வித்தைகள் எதுவும் இந்த அளவு லைப்ரரிக்குத் தேவைப்படாது. தேவைப்படுகிற மாதிரி தோன்றினால், பெரும்பாலும் நீங்கள் அளவுக்கு மீறி யோசிக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

2. எழுதத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

என்பிஎம் தளத்தில் லைப்ரரியின் பக்கத்தைத் திறந்து பெயருக்குப் பக்கத்தில் பாருங்கள். டிஎஸ் என்ற சின்னம் இருந்தால் லைப்ரரியே டைப்பைக் கூடவே தருகிறது. டிடி என்று இருந்தால் டெஃபினிட்லிடைப்டில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டும் இல்லையென்றால்தான் உங்களுக்கு வேலை.

அப்போதும் உடனே தொடங்க வேண்டாம். லைப்ரரியின் ஆசிரியர் இன்னும் பராமரித்து வருகிறார் என்றால், டைப்பை அவர் ரெப்போவிலேயே சேர்த்துக்கொள்வாரா என்று ஒரு இஷ்யூ போட்டுக் கேளுங்கள். கோடும் டைப்பும் ஒரே வீட்டில் இருந்தால் பதிப்பு மாறும்போது இரண்டும் சேர்ந்து மாறும். அவர் வேண்டாம் என்றாலோ, பதிலே வராவிட்டாலோ, டெஃபினிட்லிடைப்டுக்கு வரலாம்.

பெயரையும் உற்றுப் பாருங்கள். ஃபைண்டப்-சிங்க் வேறு, ஃபைண்ட்-அப் வேறு. இரண்டுமே மேல்நோக்கித் தேடுகிறவை, ஆனால் ஃபைண்ட்-அப் தன் டைப்பைத் தானே கொண்டு வருகிறது. ஒன்றின் டைப்பைப் பார்த்து இன்னொன்றுக்கு எழுதினால் என்ன ஆகும் என்று 7-வது படியில் சொல்கிறேன்.

3. லைப்ரரியை ஓட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். டைப் வரையறை கடைச் சுவரில் மாட்டிய மெனு மாதிரி, சமையலறையில் இல்லாத பதார்த்தத்தை எழுதி வைத்தாலும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கம்பைலர் உங்கள் மெனுவை நம்புமே தவிர, உள்ளே போய் எட்டிப் பார்க்காது.

ஒரு சோதனை மரம் கட்டுங்கள். மலேசியா என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பினாங்கு, அதற்குள் பட்டர்வொர்த். மலேசியா ஃபோல்டரில் மட்டும் ஒரு செட்டிங்ஸ் கோப்பை வையுங்கள். பட்டர்வொர்த்துக்குள் போய் நோடைத் திறந்து, வெறும் ஜாவாஸ்கிரிப்டில், லைப்ரரியை அழையுங்கள்.

கோப்பின் பெயரைக் கொடுத்தால் முழுப் பாதையும் சரமாக வரும். கிளாப் பேட்டர்ன் (நட்சத்திரக் குறி போன்றவற்றால் பெயரைப் பொதுவாகச் சொல்வது) கொடுத்தாலும் அப்படியே. பெயர்களை ஒரு அரேயாகக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். எங்குமே இல்லாத பெயரைக் கொடுங்கள்: நல், அதாவது ஒன்றுமில்லை என்ற மதிப்பு, வரும். எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்: டைப்எரர் எறியும். இரண்டாவது இடத்தில் சிடபிள்யூடி என்ற ஆப்ஷனோடு ஒரு ஆப்ஜெக்ட் கொடுத்தால் தேடல் அந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கும்.

ஒவ்வொரு விடையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு ரீட்மீயோடு ஒப்பிடுங்கள், அதன் பிறகு சோர்ஸ் கோடு, அதன் பிறகு லைப்ரரியின் சொந்த டெஸ்ட்கள். ரீட்மீயை மட்டும் நம்பினால் சிக்கல் என்னவென்றால், சின்ன லைப்ரரிகளில் அது பழைய பதிப்பிலேயே நின்றுவிடுவது சகஜம். டெஸ்ட் கோப்பு அப்படி நின்றுவிட முடியாது, ஓடியாக வேண்டும்.

4. முதல் வரைவை உங்கள் புராஜெக்டிலேயே வையுங்கள்

நேராக டெஃபினிட்லிடைப்டுக்குப் போகாதீர்கள். உங்கள் புராஜெக்டில் ஒரு டி.டிஎஸ் கோப்பில் எழுதி, சில நாள் அதை வைத்து வேலை செய்து பாருங்கள். தவறு அங்கே தெரிந்தால் உங்களோடு போகும்.

டைப் இல்லாத லைப்ரரியை இம்போர்ட் செய்ததும் 7016 என்ற எண்ணோடு ஒரு பிழை வரும். அந்தப் பிழைச் செய்தியே ஒரு வழியும் சொல்லும்: டிக்ளேர் மாட்யூல், லைப்ரரியின் பெயர், ஒரு வரி, அவ்வளவுதான். அதைப் போட்டதும் சிவப்புக் கோடு மறைந்துவிடும், வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுவார்கள். அந்த ஒரு வரி லைப்ரரி முழுவதையும் எனி, அதாவது எதுவானாலும் சரி என்ற டைப், ஆக்கிவிட்டது என்பதுதான் விஷயம். இனி அதற்கு எண்ணைக் கொடுத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

டிக்ளேர் மாட்யூலுக்கு அடைப்புக்குறி திறந்து உள்ளே எழுதுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்னொரு லைப்ரரியின் டைப் தேவைப்பட்டு அந்தக் கோப்பின் உச்சியில் இம்போர்ட் வரியைப் போட்டீர்களானால், கோப்பே ஒரு மாட்யூல் ஆகிவிடும். அதன் பிறகு உங்கள் டிக்ளேர் மாட்யூல் புதிய வரையறையாக இல்லாமல், ஏற்கெனவே இருக்கும் டைப்பை நீட்டிப்பதாகக் கொள்ளப்படும். நீட்டிக்க அங்கே ஒன்றும் இல்லை, அதனால் பிழை. இம்போர்ட்டை டிக்ளேர் மாட்யூலின் அடைப்புக்குறிக்கு உள்ளே தள்ளுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம், கம்பைலரின் அமைப்புக் கோப்பான டிஎஸ்கான்ஃபிக்கில் ஸ்கிப்லிப்செக் ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். டிஎஸ்சி என்ற கம்பைலரின் இனிட் கட்டளையே அதை ட்ரூ என்றுதான் வைத்துத் தருகிறது. அது இருந்தால் டி.டிஎஸ் கோப்புகள் எதையும் கம்பைலர் சோதிக்காது, உங்கள் சொந்தக் கோப்பும் அதில் அடக்கம். டைப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் சத்தமே இல்லாமல் எனி ஆகிப் போய்விடும். வரையறை எழுதும் நாட்களில் அதை ஃபால்ஸ் ஆக்கி வையுங்கள்.

டைப்ஸ்கிரிப்ட் கோப்பை நேராக ஓட்டும் டிஎஸ்-நோடில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டிஎஸ்கான்ஃபிக்கில் கோப்பைச் சேர்த்திருந்தாலும் அது தானாக எடுத்துக்கொள்ளாது, ஃபைல்ஸ் என்ற கொடியைக் கூடவே கொடுக்க வேண்டும்.

5. எக்ஸ்போர்ட்டைச் சரியாகப் பிடியுங்கள்

சோர்ஸில் முதலில் தேட வேண்டிய வரி இதுதான்: மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸ்-க்கு எதைக் கொடுத்திருக்கிறார்கள்? ஃபைண்டப்-சிங்க்கில் ஒரு ஃபங்ஷனை நேராகக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் வரையறையின் கடைசியில் எக்ஸ்போர்ட் போட்டு, சமக்குறி போட்டு, ஃபங்ஷனின் பெயர். எக்ஸ்போர்ட் டீஃபால்ட் கூடாது.

"அண்ணே, என் மெஷின்ல எக்ஸ்போர்ட் டீஃபால்ட் போட்டாலும் ஓடுதே, அப்புறம் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அவன் டிஎஸ்கான்ஃபிக்கில் இஎஸ்மாட்யூல்இன்டராப் ட்ரூவாக இருந்தது. அது இருந்தால், இம்போர்ட் செய்யும் இடத்தில் கம்பைலர் ஒரு சின்ன உறையைச் சுற்றி, ஃபங்ஷனை டீஃபால்ட் என்ற பெயரில் வைத்துக் கொடுத்துவிடுகிறது. அதே வரையறையை இன்டராப் இல்லாத புராஜெக்டில் ஒருவர் பயன்படுத்தினால், கம்பைலர் பேசாமல் இருக்கும், ஓட்டும்போது "இது ஃபங்ஷன் இல்லை" என்று வெடிக்கும். அவனுடைய புராஜெக்டில் இன்டராப்பை அணைத்து ஓட்டிக் காட்டினேன், திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்நெக்ஸ்ட் என்ற மாட்யூல் அமைப்பில் இஎஸ்எம் (ஜாவாஸ்கிரிப்டின் புதிய மாட்யூல் முறை) எழுதுகிறவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை: நல்ல கோடையே கம்பைலர் தடுக்கும், அது கேட்கிறபடி டீஃபால்ட்டை இன்னொரு தடவை சேர்த்தால் ஓட்டும்போது உடையும்.

அடுத்த இடறல், ஆப்ஷன்ஸ் இன்டர்ஃபேஸையும் வெளியே தர வேண்டும் என்று அதற்குத் தனியாக எக்ஸ்போர்ட் போடுவது. எக்ஸ்போர்ட் சமக்குறி இருக்கும் கோப்பில் வேறு எக்ஸ்போர்ட் இருக்கக்கூடாது, 2309 என்று பிழை வரும். ஃபங்ஷனின் பெயரிலேயே ஒரு நேம்ஸ்பேஸ் டிக்ளேர் செய்து, இன்டர்ஃபேஸை அதற்குள் வையுங்கள். ஃபங்ஷனும் நேம்ஸ்பேஸும் ஒரே பெயரில் ஒன்றாக இணைந்துகொள்ளும், பயனர் ஃபைண்டப்.ஆப்ஷன்ஸ் என்று எடுத்துக்கொள்வார்.

6. உள்ளே போகிறவை

முதல் அளபுருவுக்குச் சரம் அல்லது சர அரே. அரேயை ரீட்ஒன்லி என்று எழுதுங்கள். லைப்ரரி அந்த அரேயை மாற்றுவதில்லை என்றால் ரீட்ஒன்லி போடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை, போடாவிட்டால் தன் அரே மாறக்கூடாது என்று ஆஸ் கான்ஸ்ட் எழுதி வைத்திருக்கிற பயனருக்கு வீண் பிழை. மாற்றுவதில்லை என்பதைச் சோர்ஸில் பார்த்து உறுதி செய்துவிட்டுப் போடுங்கள்.

சரம், அரே என்று இரண்டு ஓவர்லோட் எழுதாதீர்கள். இரண்டுக்கும் ஒரே விடைதான் என்றால் யூனியன் போதும். ஓவர்லோடாக எழுதினால், சரமோ அரேயோ எதுவாகவும் இருக்கக்கூடிய ஒரு மாறியைப் பயனரால் கொடுக்கவே முடியாது.

ஆப்ஷன்ஸ் விருப்பமானது. அதில் சிடபிள்யூடி நம்முடையது, மற்றவை கிளாப் பேட்டர்னைப் பொருத்திப் பார்க்கும் மைக்ரோமேட்ச் என்ற லைப்ரரிக்குப் போகின்றன. அந்தப் பட்டியலைக் கையால் நகலெடுத்து எழுத வேண்டாம். மைக்ரோமேட்ச்சுக்கு டைப்கள் தனியாக இருக்கின்றன, அதன் ஆப்ஷன்ஸை எக்ஸ்டெண்ட் செய்துகொள்ளுங்கள். நகலெடுத்தால் அங்கே மாறும்போதெல்லாம் இங்கேயும் நீங்கள் ஓடி வந்து மாற்ற வேண்டியிருக்கும்.

சிடபிள்யூடிக்குக் கேள்விக்குறி போட்டு, டைப்பைச் சரம் அல்லது அன்டிஃபைன்ட் என்று எழுதுங்கள். கேள்விக்குறியே போதாதா என்று கேட்பீர்கள். எக்ஸாக்ட்ஆப்ஷனல்பிராப்பர்ட்டிடைப்ஸ் என்ற அமைப்பை இயக்கியவர்களுக்குப் போதாது, அவர்கள் அன்டிஃபைன்டை வெளிப்படையாகக் கொடுத்தால் தடுக்கப்படும். டெஃபினிட்லிடைப்டில் இப்படிச் சேர்த்து எழுதுவதுதான் வழக்கம்.

7. வெளியே வருகிறது

கோப்புத் தேடும் லைப்ரரியில் கேட்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி, கிடைக்காவிட்டால் என்ன தருகிறது என்பதுதான். நல் மதிப்பா, அன்டிஃபைன்டா, வெற்றுச் சரமா, வெற்று அரேயா, அல்லது எரர் எறிகிறதா? தாளில் எழுதி வைத்தீர்களே, அதை எடுங்கள். ஃபைண்டப்-சிங்க்குக்கு விடை சரம் அல்லது நல்.

ஃபைண்ட்-அப்பின் டைப்பைப் பார்த்து எழுதியவர் அன்டிஃபைன்ட் என்று போட்டிருப்பார், ஏனென்றால் அது கிடைக்காதபோது அன்டிஃபைன்ட்தான் தரும். பயனர் அதை நம்பி அன்டிஃபைன்டுக்கு மட்டும் சோதித்தால், நல் அந்தச் சோதனையைத் தாண்டி நேராகக் கோப்பைத் திறக்கும் இடம் வரை போய்விடும்.

சிலர் வேண்டுமென்றே நல்லை விட்டுவிடுகிறார்கள். "ஒவ்வொரு தடவையும் இஃப் போட வேண்டியிருக்கு, தொல்லையா இருக்கு" என்பது வாதம். தொல்லைதான், ஆனால் அந்தத் தொல்லையைக் கொடுப்பதற்காகத்தான் இந்தக் கோப்பையே எழுதுகிறோம். கோப்பு இருந்தே தீரும் என்று தெரிந்தவர் ஓர் ஆச்சரியக்குறி போட்டுத் தாண்டிக்கொள்ளட்டும், அது அவர் பொறுப்பு.

ஆப்ஷனைப் பொறுத்து விடை மாறும் லைப்ரரிகளில்தான் ஓவர்லோடுக்கு உண்மையான வேலை. நோடின் ரீட்டிர் நல்ல உதாரணம்: வித்ஃபைல்டைப்ஸ் ட்ரூ என்றால் டிரென்ட் ஆப்ஜெக்ட்களின் அரே, இல்லையென்றால் சரங்களின் அரே. இதே மாதிரி உங்கள் லைப்ரரியும் இருந்தால், குறிப்பான ஓவர்லோடை மேலேயும் பொதுவானதைக் கீழேயும் எழுதுங்கள். கம்பைலர் மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும், பொதுவானது மேலே இருந்தால் மற்றது எட்டவே எட்டாது.

கால்பேக் உள்ள பழைய பாணி லைப்ரரி என்றால், கால்பேக்கின் விடை வாய்ட் என்று எழுதுங்கள். கால்பேக்கின் அளபுருக்களுக்குக் கேள்விக்குறி போடாதீர்கள். பயனர் ஒன்றைத் தவிர்க்கலாம் என்று சொல்லத்தான் போடுகிறார்கள், ஆனால் குறைவான அளபுருக்கள் உள்ள ஃபங்ஷனைக் கொடுப்பது எப்போதுமே அனுமதிக்கப்பட்டதுதான். கேள்விக்குறி போட்டால், லைப்ரரி அந்த மதிப்பைத் தராமலும் போகலாம் என்று அர்த்தம் மாறிவிடுகிறது.

8. டெஸ்ட் கோப்பு

லைப்ரரியின் பெயருக்குப் பின்னால் கோடு போட்டு டெஸ்ட்ஸ் என்று முடியும் டிஎஸ் கோப்பு. இது ஓடாது. டைப் மட்டும்தான் சோதிக்கப்படும். கன்சோல்.லாக் போட்டு விடைக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாளில் உள்ள ஒவ்வொரு அழைப்பையும் இங்கே எழுதுங்கள். அழைப்புக்கு மேலே ஒரு கமெண்டில் டாலர் குறியோடு எக்ஸ்பெக்ட்டைப் போட்டு, வர வேண்டிய டைப்பை எழுதினால், அது மாறும்போது சோதனை விழும். தவறான அழைப்புக்கு மேலே @டிஎஸ்-எக்ஸ்பெக்ட்-எரர். எண் கொடுத்தால் தடுக்கிறதா என்று பார்க்க இதுதான் வழி.

எக்ஸ்பெக்ட்-எரர் எந்தப் பிழை வந்தாலும் திருப்தி அடைந்துவிடும். ஃபங்ஷன் பெயரையே தப்பாகத் தட்டியிருந்தாலும் பச்சைதான். அதனால் அந்த வரியில் ஒரே ஒரு தவறு மட்டும் இருக்கட்டும். எழுதிய பின் கமெண்டை ஒரு தடவை நீக்கி, நீங்கள் நினைத்த பிழைதான் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

9. டெஃபினிட்லிடைப்டுக்குக் கொண்டு போவது

ரெப்போவை ஃபோர்க் செய்துவிட்டு முழுதாக க்ளோன் செய்ய முயலாதீர்கள். ஆயிரக்கணக்கான ஃபோல்டர்கள், வரலாறு வேறு. மாமாக் கடை வைஃபையில் அது முடிவதற்குள் கடையே மூடிவிடுவார்கள். கிட் க்ளோனுக்கு ஸ்பார்ஸ், பிளாப்நன் ஃபில்டர், டெப்த் 1 மூன்றையும் கொடுங்கள், பிறகு ஸ்பார்ஸ்-செக்அவுட் ஆட் என்று உங்கள் ஃபோல்டரையும் அது சார்ந்திருக்கும் ஃபோல்டர்களையும் மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் மைக்ரோமேட்ச்சும் வேண்டும்.

டிடிஎஸ்-ஜென் கருவியை டிடி கொடியோடு ஓட்டினால் டைப்ஸ் ஃபோல்டருக்குள் தேவையான கோப்புகளைப் போட்டுத் தரும். அதற்கு மேல் உங்கள் வரைவை ஒட்டுங்கள். டிக்ளேர் மாட்யூல் உறை இங்கே தேவையில்லை, கழற்றிவிடுங்கள். இன்டெக்ஸ் கோப்பே அந்த லைப்ரரியின் வரையறைதான்.

பேக்கேஜ்.ஜேசனில் பதிப்பு எண்தான் எல்லாரையும் குழப்பும். லைப்ரரி 5.0.3 என்றால் இங்கே 5.0.9999 என்று எழுத வேண்டும். முதல் இரண்டு எண்களும் லைப்ரரியோடு ஒத்துப் போக வேண்டும், மூன்றாவதை வெளியிடும் கருவி தானே பார்த்துக்கொள்ளும், லைப்ரரியின் மூன்றாவது எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெவ்டிபெண்டென்சீஸில் உங்கள் பேக்கேஜையே ஒர்க்ஸ்பேஸ் என்று குறித்திருக்கும், வேண்டாதது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஓனர்ஸில் உங்கள் பெயரும் கிட்ஹப் பெயரும். இனி இந்த டைப்பில் யார் கை வைத்தாலும் உங்களுக்கு அழைப்பு வரும், அதற்குத் தயார் என்றால் போடுங்கள்.

டிஎஸ்கான்ஃபிக்கில் ஸ்ட்ரிக்ட்நல்செக்ஸ் உள்ளிட்ட நான்கைந்து கடுமையான அமைப்புகள் ட்ரூவாக இருக்கும். பிழை வருகிறதே என்று அவற்றை அணைக்கக் கூடாது, ரிவ்யூவில் முதல் கேள்வியே அதுதான்.

பிறகு பிஎன்பிஎம் டெஸ்ட், பக்கத்தில் உங்கள் ஃபோல்டரின் பெயர். சார்ந்த பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டினால் மைக்ரோமேட்ச்சைக் காணோம் என்று கத்தும், அதற்காக டைப்பைத் திருத்தப் போகாதீர்கள். எக்ஸ்போர்ட் விஷயத்தில் 5-வது படியைக் கோட்டை விட்டிருந்தால், என்பிஎம்மில் உள்ள உண்மையான கோடோடு ஒப்பிட்டு இந்தச் சோதனையே பல சமயம் பிடித்துவிடும். கடைசியாக டிபிரிண்ட் ஓட்டி வடிவத்தைச் சீராக்குங்கள்.

10. புல் ரிக்வெஸ்ட்டும் அதன் பிறகும்

வார்ப்புருவில் இருக்கும் கட்டங்களை உண்மையிலேயே படித்துவிட்டு டிக் செய்யுங்கள். விவரத்தில் சோர்ஸின் எந்த வரியைப் பார்த்து நல் என்று எழுதினீர்கள் என்று ஒரு சுட்டி கொடுத்தால், ரிவ்யூ செய்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ரெப்போவின் தானியங்கிக் கணக்கான பாட் வந்து நிலவரம் சொல்லும். புதிய பேக்கேஜுக்கு வேறு ஓனர் இல்லாததால் பராமரிப்பாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும், கொஞ்சம் பொறுங்கள். அனுமதி கிடைத்ததும் "ரெடி டு மெர்ஜ்" என்று நீங்களே கமெண்ட் போட வேண்டும். இதைத் தெரியாமல் பச்சை வந்துவிட்டது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று காத்திருப்பவர்கள் நிறைய. மெர்ஜ் ஆனால் @டைப்ஸ் பெயரில் என்பிஎம்முக்குத் தானாகப் போய்விடும், நீங்கள் பப்ளிஷ் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

லைப்ரரியின் புதிய பதிப்பு வரும்போது 3-வது படியின் சோதனை மரத்தை மறுபடி ஓட்டுங்கள், அழித்துவிடாமல் வைத்திருந்தால் அது சில நிமிட வேலை. என்றாவது லைப்ரரியே தன் டைப்பைக் கொண்டு வரத் தொடங்கினால், டெஃபினிட்லிடைப்டில் நாட்-நீடட் கட்டளையை எந்தப் பதிப்பிலிருந்து என்ற எண்ணோடு ஓட்டி, உங்கள் ஃபோல்டரை நீக்க ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். கடைசியாக ஒரு வெற்றுப் பேக்கேஜ் வெளியாகி, பழையதை நிறுவியவர்களை லைப்ரரியின் பக்கம் அனுப்பிவிடும்.